பன்னிரண்டு குடத்துக்கு வரைபடத்தில் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சின்ன மனையில் கட்டிய ஒரு வீட்டை இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டு, வரைபடமும் கொடுத்திருந்தீர்கள். என் மருமகள் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்தாள். அவளுடைய தம்பி திருமங்கலம் பக்கம் மனை வாங்கியிருக்கிறான், தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப்போகிறான், அவனுக்குக் கொடுப்பதற்காக. கொடுக்கும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. பேரனுக்குப் பள்ளியில் வாங்கச் சொன்ன உருப்பெருக்கியை எடுத்து அடுப்படிப் படத்தின் மேல் வைத்தேன். வெள்ளை மேடை. மேடையில் ஒரு பூச்செடி, இரண்டு கண்ணாடிக் குடுவை. தண்ணீர்க் குடம் இல்லை, சிலிண்டர் இல்லை, அரிசி இல்லை. விளக்குமாற்றைச் சாத்திவைக்க ஒரு மூலை இல்லை. வரைபடத்தில் தேடினேன், அதிலும் இல்லை.

இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்துத்தான் என் மகன் 2019-இல் நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டினான். அந்த வீட்டில் நாங்கள் பட்ட பாடும் பிறகு அதைச் சரிசெய்த விதமும் வீடு கட்டப்போகிறவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், அளவுகளை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். செக்கானூரணிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 1991 முதல் 2022 வரை சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். அமைப்பாளர் என்றால் சமைப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். சமைக்கத் தனியாக ஆள் உண்டு. பொருளை வாங்கி இருப்பு வைப்பதும், தினமும் அளந்து கொடுப்பதும், கணக்கு எழுதுவதும் எங்கள் வேலை. எங்கள் பள்ளியில் 180 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் ஒரு நாளைக்கு 18 கிலோ. மாதத்தில் 22 நாள் பள்ளி நடந்தால் 50 கிலோ மூட்டை எட்டு வேண்டும். அதோடு பருப்பு, எண்ணெய், உப்பு, முட்டை, அண்டா, கரண்டி, 180 தட்டு. இத்தனைக்கும் எனக்குக் கிடைத்த அறை எட்டடிக்குப் பத்தடி.

சேர்ந்த முதல் வருடம் மூட்டைகளைச் சுவரோடு ஒட்டித் தரையில் அடுக்கினேன். அறை பெரிதாகத் தெரிந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறி அடிமூட்டை கட்டிபிடித்துவிட்டது. பிரித்தால் பூஞ்சை. பதினைந்து கிலோ அரிசியைக் குழி வெட்டிப் புதைத்தோம். அந்த அரிசிக்கு நான் கைக்காசு போட்டேன். பிள்ளைகள் சாப்பிட வேண்டிய சோறு என்பதுதான் பணத்தைவிட அதிகமாக வலித்தது. அப்போது எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “மூட்டையும் மூச்சு விடணும் டீச்சர். சுவத்தோட நெருக்குனா அது என்ன செய்யும்?”

மறுநாளே செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூட்டைகளை ஏற்றினோம். அந்த ஒரு முழத்துக்குள் ஆள் நுழைந்து பார்க்கலாம், எலி ஒளிய முடியாது. புது மூட்டை பின்னால், பழைய மூட்டை முன்னால். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது தலைக்கு மேல். எப்போதாவது எடுப்பதும் கனமானதும் முழங்காலுக்குக் கீழ். தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில். ஒவ்வொரு பொருளுக்கும் சுவரில் சுண்ணாம்பால் பெயர் எழுதினேன். நான் விடுப்பில் போனாலும் உதவியாளர் இருட்டில் கையை நீட்டி உப்பை எடுத்துவிடுவார். முப்பத்தோரு வருடம் அந்த அறை அப்படித்தான் இருந்தது.

இவ்வளவு தெரிந்த நான் என் மகன் வீடு கட்டும்போது வாய் திறக்கவில்லை. படித்த பிள்ளை, பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு.

மனை ஒன்றரை சென்ட், அதாவது 653 சதுர அடி. முன்னால் ஹால், பக்கத்தில் படுக்கையறை, பின்னால் ஏழுக்கு ஒன்பதில் அடுப்படி, மாடிப்படி, மாடியில் ஓர் அறை. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் விளக்கு. மாடிப்படிக்குக் கீழே கூழாங்கல் பரப்பி அலங்காரம். அடுப்படிக்கு மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் செலவில் மாடுலர் கிச்சன். ஆவணியில் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் எல்லாரும் வீடு பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். இருந்தது, சாமான் வரும்வரை.

பழைய வாடகை வீட்டிலிருந்து சாமான்கள் குட்டியானை வண்டியில் இரண்டு நடை வந்தன. இறக்க இறக்க என் மருமகள் கேட்டாள்: “அத்தை, இதை எங்கிட்டு வைக்க?” ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

குடத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் குடிதண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். ஐந்து பேர் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு நான்கு குடம் வேண்டும். ஆக, பன்னிரண்டு குடம். ஒரு குடம் தரையில் ஓர் அடிக்கு ஓர் அடி பிடிக்கும். அடுப்படியே ஏழுக்கு ஒன்பது, அதில் மேடை போக நிற்க இடம் நாலுக்கு ஏழு. அந்த இடத்தில் பன்னிரண்டு குடத்தை வைத்தால் ஆள் எங்கே நிற்பது? குடங்கள் ஹாலுக்கு வந்தன. ஹாலில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நான்கு வருடம் குடம் வரிசை நின்றது. விருந்தாளி வந்தால் மருமகள் அதன்மேல் துணி போட்டு மூடுவாள். அவள் முகத்தை அப்போது பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டாள். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. வரைந்தவர் குடத்தை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாடுலர் கிச்சனில் இழுப்பறைகள் ஆறு அங்குல உயரம். தட்டும் கிண்ணமும் அழகாக நிற்கும். எங்கள் இட்லிக் கொப்பரை, சருவம், குழம்புச் சட்டி எதுவும் உள்ளே போகாது. எல்லாம் மேடைமேல் ஏறின. மேடை நிறைந்ததும் காய் நறுக்குவது தரைக்கு வந்தது. மேடையே எதற்காகக் கட்டினோம்?

இரண்டாவது மழைக்காலத்தில் சிங்க்கின் அடிப்பெட்டி ஊறி உப்பியது. பிளைவுட் என்று சொல்லிப் போட்டது உள்ளே பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அதன் பின்னாலிருந்து கரையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தது. பிறகு ஓர் ஆசாரி எனக்கு விளக்கினார். பலகை ஷீட்டில் ஐ.எஸ். 710 என்று அச்சு இருந்தால் அது தண்ணீர் தாங்கும் மரைன் ரகம். ஐ.எஸ். 303 என்றால் எம்.ஆர்., அதைவிடத் தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு ரகம் உண்டு. எம்.ஆர். காற்றில் உள்ள ஈரத்தைத்தான் தாங்கும், சிங்க் அடியில் நிற்காது. வெட்டிப் பெட்டியாக்கி மைக்கா ஒட்டிய பிறகு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஷீட்டாக வீட்டுக்கு வந்து இறங்கும்போதே அச்சைப் பார்த்துவிட வேண்டும் என்றார். இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

சிலிண்டரையும் அவர்கள் கதவு போட்ட பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், காற்று போக ஓட்டை இல்லாமல். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழேதான் தேங்கும். அதனால் பெட்டியின் அடியில், தரையை ஒட்டி ஓட்டை இருக்க வேண்டும். யார் வீட்டில் மூடிய பெட்டிக்குள் சிலிண்டர் இருந்தாலும், இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா வீடு உசிலம்பட்டிப் பக்கம். மண்சுவர், ஒன்றரை அடிக்கு மேல் தடிமன். பட்டாசாலையின் நான்கு சுவரிலும் மாடம் இருக்கும். ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெற்றிலைப் பெட்டி, ஒன்றில் அப்பாவின் சவரச் சாமான். கம்பும் சோளமும் மண் குதிரான குலுக்கைக்குள். அடுப்படியில் உறி. பரண்மேல் சொளகு, கடகப்பெட்டி, திருவிழா அண்டா. பாயைச் சுருட்டி உத்திரத்திலிருந்து தொங்கிய இரண்டு கயிற்றுக்குள் செருகிவிடுவோம். பகலில் அந்த வீட்டின் தரையில் எதுவுமே இருக்காது. எட்டுப் பேர் படுத்து எழுந்த வீடு அது.

அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு ஆசை இல்லை. புகையில் அம்மா கண் கெட்டது. மாடத்துக்குள் கையை விட்டால் தேள் இருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் நான் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். அந்த வீட்டில் சுவர்தான் சாமானைத் தாங்கியது. சுவர் தடிமனாக இருந்ததால் குடைந்தால் மாடம் கிடைத்தது. இப்போது பில்லர் போட்டுக் கட்டுகிறோம், எடையைப் பில்லர் தாங்குகிறது, சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம். அதில் மாடம் குடைய முடியாது. ஒன்பது அங்குலச் சுவரிலேயே பாதிதான் உள்ளே போகலாம், மருந்து பாட்டில் ஒரு வரிசை நிற்கும். மாடம் போனது போகட்டும், அதற்குப் பதில் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. பரணுக்குப் பதில் லாஃப்ட் வந்தது. இப்போது ஃபால்ஸ் சீலிங் வந்து அதையும் எடுத்துக்கொண்டது. சுவரிலும் கூரையிலும் இருந்த சாமான் எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. அப்புறம் அதை ஒழுங்குபடுத்த விதவிதமான கூடையும் டப்பாவும் வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் கூடையும் டப்பாவும்கூட எங்கேயாவது இருக்க வேண்டுமே.

ஒருமுறை திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போயிருந்தபோது, தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தோம். செங்கல்லால் கட்டிய உருண்டைக் கட்டடம். தரையே சாய்வாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. உட்காரும் திண்டும் மேசையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. நகர்த்த ஒரு நாற்காலிகூட இல்லை. லாரி பேக்கர் கட்டியது என்று மகன் சொன்னான். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர். அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் தெரிந்தது. 2022-இல் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஹாலில் நின்ற குடத்தைப் பார்க்கப் பார்க்க அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வந்தது. தேவையானதைச் சுவரோடு சேர்த்தே கட்டிவிட்டால் தரை நமக்கு மிஞ்சும்.

ஓய்வுபெற்ற மறு வருடம் மகனிடம் பேசி வீட்டைத் திருத்தினோம். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் நானும் மருமகளும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பள்ளியில் நான் எழுதிய இருப்புப் பதிவேடு மாதிரியே கோடு போட்டோம். பொருளின் பெயர், எத்தனை, உயரம், அகலம், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறோம். நான்கு சாயங்காலம் பிடித்தது. வீட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம், தெரியவே தெரியாது. மூடி இல்லாத சம்படம் 11, சம்படம் இல்லாத மூடி 17. தலையணை 14, இருப்பது ஐந்து பேர். ஜமுக்காளம் 6. மருமகள் தொலைந்துபோனதாக நினைத்து இரண்டு தடவை புதிதாக வாங்கிய தேங்காய்த் துருவி மூன்று. வீடு கட்டுகிற எல்லாரும் வரைபடம் போடுவதற்கு முன் இந்த நோட்டை எழுதி, பொறியாளர் கையில் கொடுக்க வேண்டும். அறை எத்தனை என்று அவர் கேட்பார், குடம் எத்தனை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

கொத்தனார் எல்லா இடத்திலும் ஒன்றரை அடிக்குத் தட்டு வைத்துவிடலாம் என்றார். ஆழமான தட்டில் முன்வரிசைதான் கண்ணுக்குத் தெரியும், பின்வரிசை செத்த சாமான் என்று சத்துணவு அறையில் கற்றவள் நான். சாமானின் அகலத்துக்குத்தான் தட்டின் ஆழம் இருக்க வேண்டும் என்றேன். மளிகைச் சம்படத்துக்கு ஒரு சாண், ஒன்பது அங்குலம். ஒரே வரிசை, எதுவும் எதற்கும் பின்னால் ஒளியாது. பாத்திரத்துக்கு ஒன்றேகால் அடி. மடித்த சேலை, வேட்டிக்கும் அதே அளவு போதும். ஹேங்கரில் மாட்டுவதற்கு மட்டும் 22 அங்குலம் வேண்டும். பாய், தலையணைக்கு இரண்டடி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “டீச்சரம்மா சொல்றது சரிதான், கல்லும் மிச்சம்” என்றார்.

எல்லாம் கடப்பா கல். கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சுவரில் காடி வெட்டி இரண்டு அங்குலம் உள்ளே செருகிப் பூசினார்கள். மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் நிற்கும் கல் ஒன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தில் விரிசல் விடும். கல்லின் முனையைத் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் தலை இடித்துக்கொள்ளும்.

மளிகைத் தட்டுக்குச் சுவர் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். அடுப்படிக் கதவைக் கழற்றிவிட்டோம். எந்நேரமும் திறந்தே கிடந்த கதவு அது, திறந்து கிடந்து ஒரு சுவரையே மறைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் தரையிலிருந்து ஏழடிக்குத் தட்டுகள் வைத்தோம். மளிகை முழுவதும் அதில் அடங்கிவிட்டது. வீட்டில் எந்தக் கதவு மூடப்படுவதே இல்லை என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு சுவர் சும்மா இருக்கும்.

குடத்துக்குப் பின்வாசல் நடையில் ஆறடி நீளத்துக்கு இரண்டடுக்குத் திண்டு கட்டினோம். கீழடுக்கு தரையிலிருந்து அரையடி, மேலடுக்கு இடுப்பு உயரம். அடுக்குக்கு ஆறு குடம். இடுப்பில் சுமந்து வரும் குடத்தைக் குனியாமல் அப்படியே நகர்த்தி வைக்கலாம். திண்டு சாக்கடைப் பக்கம் துளி சாய்ந்திருக்கும், சிந்தும் தண்ணீர் தானே ஓடிவிடும். முதல்நாள் பன்னிரண்டு குடத்தையும் வரிசையாக வைத்துவிட்டு மருமகள் ஹாலுக்குப் போய் நின்று பார்த்தாள். தரை தெரிந்தது. “அத்தை, நம்ம ஹால் இம்புட்டு பெருசா?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த கூழாங்கல்லை அள்ளிச் செடிகளுக்குப் போட்டுவிட்டு, தட்டி வைத்துக் கதவு போட்டோம். அரிசி டிரம் பலகை மேல், பக்கத்தில் ஏணி, அண்டா, விளக்குமாறு. சிலிண்டரை அங்கே வைக்கவில்லை, காற்றோட்டம் இல்லாத இடம்.

படுக்கையறையின் மேற்குச் சுவர் சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிவரை கையை வைக்க முடியாமல் கொதிக்கும். பின்னால் நாகமலைப் பாறையும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சுவர் முழுக்கத் துணி அலமாரி ஆக்கிவிட்டோம். துணி அடுக்கு நடுவில் நிற்பதால் சுவரின் அனல் கட்டில்வரை வருவதில்லை. மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் அலமாரி, கழிவறை, சாமான் அறை இவற்றை மேற்குப் பக்கம் தள்ளிவிட்டால் படுக்கிற அறை தப்பிக்கும். மருந்தும் எண்ணெயும் மட்டும் அந்த அலமாரியில் வைக்கக் கூடாது.

லாஃப்ட் வேண்டும் என்றால் வாசல், ஜன்னலுக்கு மேல் லிண்டல் போடும்போதே கம்பி விட்டுச் சேர்த்து கான்கிரீட் போட்டுவிட வேண்டும். பிறகு போடுவது பெரும்பாடு. எங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டதால், நடையின் இரண்டு சுவருக்கும் குறுக்கே ஏழடி உயரத்தில் இரும்பு ஆங்கிள் பொருத்தி சிமென்ட் பலகை பரப்பினோம். பாய், தலையணை, ஜமுக்காளம் அங்கே போயின. கூலி, கல், இரும்பு எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆனது. மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு.

சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்கக் கூடாது என்பதற்காக என் மகளைப் பற்றியும் சொல்கிறேன். அவள் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பல குடித்தனம் சேர்ந்திருக்கும் வளவு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். நான்கு பேர், ஒன்பதடி அகலத்தில் இரண்டே அறை. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். மகள் அவரிடம் ஒரே ஒருமுறை பேசி, இரண்டு மர ரீப்பர் சட்டம் மட்டும் அடிக்க அனுமதி வாங்கினாள். ஒவ்வொன்றும் ஆறடி. ரீப்பரில் வரிசையாகக் கொக்கி. பள்ளிப் பை, குடை, சாவி, துண்டு, காய்கறிப் பை, சொளகு எல்லாம் அதில் தொங்குகின்றன. கட்டிலுக்கு நான்கு காலிலும் செங்கல் வைத்து உயர்த்தி, அடியில் மூன்று டிரங்குப் பெட்டி. பெட்டி மூடியின் உள்பக்கம் என்னென்ன இருக்கிறது என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். என் மகனுடைய புது வீடு தடுமாறிக்கொண்டிருந்த அந்த நான்கு வருடமும் இவள் வீட்டில் ஒரு பொருளைத் தேடி நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். ஒரு வருடமாகத் தொடாத பொருளை வெளியே போட்டுவிடுங்கள் என்ற அறிவுரையை எல்லா இடத்திலும் படிக்கிறேன். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முதல் நாள் எதிர்சேவை அன்றே எங்கள் வீட்டுக்குப் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். பதினாலு தலையணையும் அன்றைக்குப் பத்தாது. அண்டாவில் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு போவோம். வருடத்தில் 363 நாள் அந்த அண்டா சும்மாதான் இருக்கிறது. அதற்காக அதைப் போட முடியுமா? அதற்குத்தான் தலைக்கு மேல் இடம் வேண்டும் என்கிறேன். ஹாலை நிறைக்கிற சோபாவும் இதே காரணத்துக்காக எனக்கு ஒப்பவில்லை. சொந்தக்காரர் பதினைந்து பேர் சோபாவில் படுக்க முடியாது, தரையில்தான் படுக்க வேண்டும்.

போக வேண்டிய பொருளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் என்று வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் எங்கள் நோட்டில் 72. கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியவை. பெயர் இருப்பதால் போடவும் மனம் வராது, புழங்கவும் இடம் இல்லாமல் சாக்கில் கட்டிக் கிடந்தன. ஒரு நாள் சாக்கைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பெயரை வாசித்தோம். பாதிப் பேர் இப்போது இல்லை. என் அண்ணன் 1988-இல் என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த தூக்குவாளியை எடுத்து அன்றைக்கே பாலுக்கு வைத்தேன். இருபது பாத்திரத்தை இப்படிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மிச்சத்தில் நல்லதையெல்லாம் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகிற இரண்டு பெண்களுக்குக் கொடுத்தோம். நசுங்கியதை எடைக்குப் போட்டு இரண்டு பெரிய மளிகைச் சம்படம் வாங்கினோம். கொடுத்தவர்கள் இதைப் பார்த்தால் வருத்தப்படமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சாக்குக்குள் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வரைபடம் வெளியிடும்போது கட்டில், சோபா குறிப்பது போலக் குடம், சிலிண்டர், அரிசி, பாய், ஏணி, விளக்குமாறு இருக்கும் இடத்தையும் குறித்து வெளியிடுங்கள். அடுப்படியைப் படம் எடுக்கும்போது சமையல் நடக்கிற நேரத்தில் எடுங்கள். கட்டி முடித்த புது வீட்டைவிட, ஆட்கள் குடியேறி இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டுங்கள். மேடை உயரம், தட்டின் ஆழம் இவற்றை எண்ணால் எழுதுங்கள். மேடை எவ்வளவு உயரம் என்று சமைப்பவரைக் கேட்பதே இல்லை. நிற்கும்போது முழங்கைக்கு நான்கைந்து விரல் கீழே இருந்தால் தோள் வலிக்காது. அந்த வீட்டில் சமைப்பவரை நிற்கவைத்து அளந்தால் இரண்டு நிமிட வேலை.

நீங்கள் வெளியிட்ட அந்த 650 சதுர அடி வரைபடத்தை என் மருமகள் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். கொடுக்கும் முன் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, பென்சிலால் அதில் ஒவ்வொரு சாமானுக்கும் இடம் குறித்தோம். பின்வாசலில் குடம், படிக்குக் கீழே அரிசி, மேற்குச் சுவரில் துணி. பாய் வைக்க மட்டும் எங்கும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் படுக்கையறைச் சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளினோம், கிடைத்தது. தம்பியும் அதற்குச் சம்மதித்துவிட்டான். அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கல்தான், உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.